ஜம்ஷெட்ஜி டாட்டாவும் பெங்களூர் நகரமும்

நகரங்கள் வளர்தற்குரிய காரணங்கள் பல. ஆற்றங்கரையில் அமைந்தமையால் வளர்ந்தன சில. துறைமுகத்தால் செழித்தன சில. அரசர் வீற்றிருந்தமையால் பெருமை எய்தின சில. புகாரும் மதுரையும் இவ்வாறு ஓங்கியமையைத் தமிழ் பயில்வோர் யாவரும் அறிவர். ஆயின், பேராறும் இன்றிக் கடலும் இன்றி, அரண்மனைக்குரிய பெருமையும் அண்டை நகராகிய மைசூருக்கே உரியதாயிருக்க, கற்றோர் வந்து கூடியமையால் பெரிதும் மாநகராயிற்று ஓர் ஊர். அதுவே நமக்கு அண்மையிலுள்ள பெங்களூர். அங்கே கற்றோர் கூடுதற்கு வித்திட்டவர் அவ்வூரினர் அல்லர். பம்பாயில் வாழ்ந்த பஞ்சாலை வணிகர். ஜம்ஷெட்ஜி நஸர்வான்ஜி டாட்டா என்னும் அப்பெரியாரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம். அவரது இரும்பாலையையும் விடுதியையும் பற்றி எழுதினோர் பலராதலின், அவற்றைச் சுருங்கக் கூறி, அவர் பொருள் ஒரு நகரினின்றும் மற்றொரு நகருக்குச் சென்று அறிவாய் விளைந்த செய்தியையே விரித்துரைப்போம்.

ஜம்ஷெட்ஜி 1839-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 3-ஆம் நாள், குஜராத்தி மொழி வழங்கும் நாட்டில், நவசாரி என்னும் ஊரில் பிறந்தார். அவர் குடும்பத்தார் பார்சி சமயக் குருமார். தந்தையார் நஸர்வான்ஜி அப்பரம்பரைத் தொழிலை விடுத்துப் பம்பாய் சென்று வாணிகம் தொடங்கினார். மகனும் அவரைத் தொடர்ந்து பம்பாய் அடைந்து, எல்பின்ஸ்டன் கல்லூரியிற் பயின்று, 1858-இல் கல்வியை முடித்தார். அடுத்த ஆண்டே தந்தையார் அவரை ஹாங்காங்குக்கு அனுப்பினார். ஆங்கு அக்குடும்பத்தார் நடத்திய வாணிகத்துள் பஞ்சும் இருந்தது, அபினியும் இருந்தது. அபினி வாணிகம் அக்காலத்துச் சட்டத்துக்கு உட்பட்டதே. எனினும், பெரியோர் வரலாறு எழுதுவோர் இத்தகைய செய்திகளை மறைத்துச் செல்லுதல் தகாது என்பது எம் கருத்து.

அமெரிக்க நாட்டில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. அந்நாட்டுப் பஞ்சு இங்கிலாந்துக்குச் செல்லாது தடைப்பட்டமையால், இந்தியப் பஞ்சின் விலை வானளாவ உயர்ந்தது. பம்பாயில் நேற்றுவரை எளியராயிருந்தோர் இன்று இலட்சாதிபதிகள் ஆயினர். போர் முடிந்ததும் விலை சரிந்தது, வங்கிகள் வீழ்ந்தன, செல்வர் பலர் ஓராண்டிற்குள் வறியராயினர். அப்போது லண்டனில் இருந்த ஜம்ஷெட்ஜியாருக்குக் கடன் கொடுத்தோரை எதிர்நோக்கி நிற்கும் நிலை வந்தது. இளமையிலேயே இதனைக் கண்டவர், தொலைநாட்டுப் போரினால் வரும் செல்வம் தொலைநாட்டு அமைதியினால் போய்விடும் என்பதை நன்கு உணர்ந்திருத்தல் வேண்டும். அவர் பின்னர்ச் செய்த முயற்சிகள் யாவும் நாட்டுக்குள்ளேயே வேரூன்றத் தக்கனவாய் அமைந்தமை இதற்குச் சான்றாகும்.

பஞ்சாலை வைக்க விரும்பிய அவர், பம்பாயில் எண்ணெய் ஆலை ஒன்றை 1869-இல் வாங்கிப் பஞ்சாலையாக மாற்றி நடத்தி, இரண்டாண்டில் இலாபத்துடன் விற்றார். பின் இங்கிலாந்து சென்று லங்காஷயர் ஆலைகளை நேரிற் கண்டு திரும்பினார். ஆலைகள் அனைத்தும் பம்பாயிலேயே எழுந்த காலம் அது. அவரோ வேறு வழியிற் சிந்தித்தார். பஞ்சு விளையும் நிலத்துக்கு அண்மையில், நிலக்கரி எளிதிற் கிட்டும் இடத்தில், இருப்புப்பாதை செல்லும் ஊரில் ஆலை அமைதல் வேண்டும் என்று துணிந்து, நாகபுரியைத் தேர்ந்தார். அங்கு வாங்கிய நிலம் சதுப்பு நிலம். அதனைத் தூர்த்து ஆலை எழுப்பினார். 1877-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், விக்டோரியா அரசியார் இந்தியப் பேரரசி என்று அறிவிக்கப்பெற்ற அன்றே, எம்பிரஸ் ஆலை திறக்கப்பெற்றது. தொழிலாளர்க்கு ஓய்வுக்கால நிதியும், விபத்துக்கு ஈட்டுத்தொகையும் அவ்வாலையில் சட்டம் கட்டாயப்படுத்துமுன்னரே ஏற்பட்டன. பணம் பம்பாயில் இருப்பினும், அது பயன்படத்தக்க இடம் வேறாயின் அங்கே அதனைக் கொண்டுசெல்லுதல் வேண்டும் என்னும் அவர் கொள்கை நாகபுரியிலேயே தொடங்கிவிட்டது. இதனைப் படிப்போர் நினைவில் வைத்தல் வேண்டும்.

ஆலைகளால் பெரும்பொருள் ஈட்டிய பின் அவர் உள்ளம் கல்வியின்பாற் சென்றது. 1892-இல் இந்திய மாணவர் வெளிநாடு சென்று உயர்கல்வி பெறுதற்கென ஒரு நிதியை நிறுவினார். அந்நிதி இன்றும் நடைபெறுகின்றது. கடல் கடந்து கற்றுவந்தோர் சிறந்த பதவிகளை எய்தினர். ஆயினும் அதில் ஒரு குறை இருந்தது. மாணவன் செல்வான், வருவான். அவன் பயின்ற ஆய்வுக்கூடமோ அங்கேயே இருக்கும். புதிய உண்மை காணும் ஆசிரியரும், அவரைச் சூழ்ந்த மாணவர் குழுவும், அவர்களால் எழும் தொழில்களும் அந்நாட்டு நகரங்களுக்கே உரியனவாகும். ஆய்வுக்கூடத்தையே இங்குக் கொண்டுவந்தாலன்றி இக்குறை நீங்காது. ஜம்ஷெட்ஜியார் இதனை உணர்ந்தே அடுத்த முயற்சியில் இறங்கினார் என்று கருதுகின்றோம்.

1898-ஆம் ஆண்டு அவர் தம் கருத்தை வெளியிட்டார். பட்டம் பெற்றோர் மேலும் ஆராய்ச்சி செய்தற்குரிய பெருங்கழகம் ஒன்றை இந்தியாவில் நிறுவுதற்பொருட்டுப் பம்பாயிலிருந்த தம் கட்டடங்கள் 14-ஐயும் நிலங்கள் 4-ஐயும் அளிக்க முன்வந்தார். அவற்றின் மதிப்பு 30 இலட்சம் ரூபாய். ஆண்டு வருவாய் சுமார் 1¼ இலட்சம் ரூபாய். அக்காலத்தில் நம் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் தேர்வு நடத்திப் பட்டம் அளிக்கும் நிலையங்களாகவே இருந்தன. ஆகலின் இத்திட்டம் பலர்க்கு விளங்கவேயில்லை. பர்ஜோர்ஜி பாத்ஷா என்னும் அறிஞரை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பி, ஆங்குள்ள கழகங்கள் நடைபெறும் முறையை ஆராய்ந்துவரச் செய்தார். 1893-இல் ஜப்பானிலிருந்து அமெரிக்கா செல்லும் கப்பலில் விவேகானந்த சுவாமிகள் அவருடன் பயணம் செய்தனர். அவருக்கும் 1898 நவம்பரில் கடிதம் எழுதி, இம்முயற்சிக்குத் துணை வேண்டினார்.

அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் கர்சன் பிரபு இராஜப்பிரதிநிதியாகப் பம்பாயில் வந்திறங்கினார். 31-ஆம் நாளே இத்திட்டக் குழுவினர் அவரைக் கண்டனர். கர்சன் இரண்டு ஐயங்களை எழுப்பினார். இத்துணை உயர்ந்த ஆராய்ச்சிக்கு மாணவர் வருவரோ என்பது ஒன்று. வந்து கற்றபின் அவர்க்கு வேலை கிடைக்குமோ என்பது மற்றொன்று. இவற்றை வீண் ஐயங்கள் என்று தள்ளிவிடுதற்கில்லை. ஆய்வாளருக்கு வேலை தரும் தொழில்கள் நாட்டில் அன்று மிகச் சிலவே. ஆயின் தொழில் வந்தபின் ஆய்வாளரைத் தேடுவோம் என்று காத்திருந்தால், தொழில் வருவதே அரிது. இவ்விடத்தில் வணிகர் ஆட்சியாளரினும் நெடிது நோக்கினார் என்றே சொல்லத் தோன்றுகின்றது.

கழகம் எங்கு அமைவது என்னும் வினா அடுத்து எழுந்தது. பணம் பம்பாய்ப் பணம். அங்குத் துறைமுகமும் ஆலைகளும் செல்வரும் உண்டு. ஆதலின் பம்பாயே தக்கது என்று எவரும் எண்ணுவர். வடக்கே ரூர்க்கியில் பழைய பொறியியற் கல்லூரி இருந்தது. இவற்றை ஆராய்ந்து கூறும்படி, ஆர்கான் முதலிய வாயுக்களைக் கண்டறிந்த வில்லியம் ராம்சே என்னும் ஸ்காட்லாந்து இரசாயன அறிஞர் 1900-இல் வரவழைக்கப்பெற்றார். அவர் நாட்டைச் சுற்றிப் பார்த்துப் பெங்களூரைப் பரிந்துரைத்தார்.

பெங்களூர் ஏன் தேர்ந்தெடுக்கப்பெற்றது? தட்பவெப்பம் இனியது என்று பலரும் கூறுவர், அது மெய்யே. ஆயினும் காற்று மட்டும் கல்லூரியைக் கட்டாது. மைசூர் சமஸ்தானத்தின் திவானாக 1883 முதல் 1901 வரை இருந்தவர் சேஷாத்திரி ஐயர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்திற் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர் இவர். ஜம்ஷெட்ஜியார் முன்னரே பெங்களூரை அறிந்தவர். ஜப்பானிய வல்லுநரைக் கொண்டு அங்கே பட்டுப்பண்ணை ஒன்றை அமைத்திருந்தார். சமஸ்தானமும் அதற்கு உதவிற்று. பசவனகுடிப் பகுதியில் ஓரிடம் இன்றும் டாட்டா பட்டுப்பண்ணை என்றே வழங்குகின்றது. இளவரசர் கிருஷ்ணராஜ உடையார் சிறுவராயிருந்தமையால் அரசாண்டு வந்த அவர் அன்னையாரும், திவானும் இக்கழகத்தைத் தம் நாட்டில் வரவேற்க முற்பட்டனர். சமஸ்தானத்தார் முடிவில் 371 ஏக்கர் நிலத்தை இலவசமாக அளித்தனர். கட்டடத்துக்கு 5 இலட்சம் ரூபாயும், ஆண்டுதோறும் 50,000 ரூபாயும் வழங்க இசைந்தனர்.

சமஸ்தானத்துக்கு இத்துணைப் பொருள் வந்த வழியையும் சிறிது பார்த்தல் வேண்டும். பெங்களூருக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் கோலார் தங்கவயல் உள்ளது. ஆங்கிலக் கம்பெனியார் அங்குத் தங்கம் எடுத்து, அரசுக்கு உரிமைத்தொகை செலுத்தி வந்தனர். அது மைசூர்ப் பொக்கிஷத்துக்குப் பெரும் வருவாயாயிற்று. சுரங்கத்தில் இறங்கி உழைத்தோருட் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டுப் பகுதிகளிலிருந்து குடியேறிய தமிழர். அச்சுரங்கங்களின்பொருட்டே காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் மின்சாரம் எடுக்கும் நிலையம் அமைக்கப்பெற்று, 1902-இல் கோலாருக்கு மின்சாரம் சென்றது. அதிலிருந்தே 1905-இல் பெங்களூர்த் தெருக்கள் விளக்கொளி பெற்றன. கழகத்தில் முதற்கண் ஏற்பட்ட பகுதிகளுள் ஒன்று மின்சாரத் தொழிற்பகுதி. கோலார்க் கம்பியின்றி அது பெங்களூரில் எங்ஙனம் எளிதாய் நடந்திருக்கும்? பம்பாய் வீட்டு வாடகை ஒருபுறமும், கோலார்ப் பொன் மற்றொருபுறமும் பெங்களூரில் வந்து கூடின என்று கூறின் மிகையாகாது.

இத்தனையும் பேசி முடிவதற்குள் ஆண்டுகள் பல கழிந்தன. ராம்சேயின் திட்டத்தை மறுபடியும் ஆராய வேறொரு குழு. அரசாங்கத்தார் கொடுக்கும் தொகை எவ்வளவு என்பதில் நீண்ட கடிதப் போக்குவரத்து. சொத்துக்களை எழுதிவைக்கும் முறையில் சிக்கல். ஜம்ஷெட்ஜியார் 1904-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள் ஜெர்மனியில் நௌஹைம் என்னும் ஊரில் உயிர் நீத்தார். இங்கிலாந்தில் புரூக்வுட் கல்லறையில் அடக்கம் செய்யப்பெற்றார். கழகத்தின் ஒரு கல்லையும் அவர் காணவில்லை. இரும்பாலையும், மேற்கு மலைத்தொடர் நீரிலிருந்து பம்பாய்க்கு மின்சாரம் எடுக்கும் திட்டமும் அவர் மறைவுக்குப் பின்னரே நிறைவேறின. கண்ணாற் கண்டது 1903-இல் திறந்த தாஜ்மகால் விடுதி ஒன்றே.

மைந்தர் தோராப்ஜியும் இரத்தன்ஜியும் தந்தையார் வாக்கைக் காத்தனர். கழகத்துக்குத் தம் பெயர் இடலாகாது என்பது ஜம்ஷெட்ஜியாரின் விருப்பம். அதன்படி இந்திய விஞ்ஞானக் கழகம் என்னும் பெயரே அமைந்தது. 1909 மே 27-இல் ஆணை பிறந்தது. 1911 பிப்ரவரியில் கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டினார். அவ்வாண்டு ஜூலையில் மாணவர் வந்தனர். பெங்களூர் மக்களோ பன்னெடுங்காலம் அதனை டாட்டா இன்ஸ்டிட்யூட் என்றே அழைத்து வந்தனர். பேருந்து நடத்துநரிடம் அப்பெயரைச் சொன்னால்தான் விளங்கும் என்பர்!

முதல் இயக்குநர் மாரிஸ் டிராவர்ஸ் என்பவர். ராம்சேயுடன் கூடி 1898-இல் நியான், கிரிப்டான், செனான் என்னும் வாயுக்களைக் கண்டவர் இவரே. உலகில் இரசாயன ஆராய்ச்சியில் முன்னணியில் நின்ற ஒருவர், பிரிஸ்டலை விட்டு, மரங்களும் அதிகமில்லாத மேட்டு நிலத்துக்கு 1906-இல் வந்தார். அவரை ஈர்த்தது புகழன்று. ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பெற்ற நிலையான வருவாய் என்பது எம் துணிபு.

கழகத்தின் பயன் முதலிற் சென்றது அண்டை நகருக்கேயாம். மைசூர்க் காடுகளின் சந்தனக் கட்டைகள் ஜெர்மனிக்குச் சென்று எண்ணெயாகி வந்தன. 1914-இல் போர் மூண்டதும் அவ்வாணிகம் நின்றது. கட்டைகள் குவிந்து கிடந்தன. திவான் விசுவேசுவரய்யர் கழகத்தாரை நாட, சட்பரோ, வாட்சன் என்னும் இரசாயனப் பேராசிரியர் இருவர் எண்ணெய் வடிக்கும் முறையை வகுத்துக் கொடுத்தனர். 1916-இல் பெங்களூரில் தொடங்கிய அத்தொழில், அடுத்து மைசூர் நகருக்கும் சென்று வேரூன்றிற்று. மைசூர்ச் சந்தனச் சவர்க்காரம் என்று கடையில் வாங்குவோர் அதன் பின்னால் ஒரு போரும் ஓர் ஆய்வுக்கூடமும் இருப்பதை நினைப்பதில்லை.

பின்னர் 1933-இல் சந்திரசேகர வேங்கடராமன் கழகத்தின் முதல் இந்திய இயக்குநராக வந்தார். அவர் நம் திருச்சிராப்பள்ளியிற் பிறந்தவர், சென்னையிற் கற்றவர். ஆயினும் 1907-இல் அவர் ஆராய்ச்சியை நம்பிச் சென்னையில் வாழ வழியில்லை. கணக்குத் துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்று, அலுவல் முடிந்த நேரங்களில் அங்கிருந்த ஒரு விஞ்ஞானச் சங்கத்தில் ஆராய்ந்தார். வழக்கறிஞர் தாரகநாத் பாலித் என்பவர் அளித்த கொடையால் ஏற்பட்ட ஆசிரியப் பதவி 1917-இல் அவரைக் கணக்கினின்றும் விடுவித்தது. 1930-இல் நோபல் பரிசு கல்கத்தாவுக்குப் பெருமையாயிற்று. மூன்றாண்டு கழித்து அவர் பெங்களூருக்குப் பெயர்ந்தார். 1934-இல் இந்திய விஞ்ஞான அகாடமியும், 1948-இல் அவர் பெயரால் வழங்கும் ஆராய்ச்சி நிலையமும் அங்கே எழுந்தன. தமிழ்நாட்டுச் செல்வர் அன்று ஒரு பாலித்தாகவோ ஒரு டாட்டாவாகவோ இருந்திருப்பின் என்று எண்ணும்போது எமக்கு நாணம் உண்டாகின்றது. கோயிலுக்கும் சத்திரத்துக்கும் வாரி வழங்கிய கைகள் இங்கும் இருந்தன; ஆய்வுக்கூடம் ஒன்று அறமாகும் என்பது அவற்றுக்குத் தோன்றவில்லை.

1940-இல் வால்சந்த் ஹீராசந்து என்னும் தொழிலதிபர் மைசூர் அரசின் துணையுடன் விமானத் தொழிற்சாலையைப் பெங்களூரில் நிறுவினார். 1942-இல் கழகத்தில் விமானப் பொறியியற் பகுதி தோன்றிற்று. ஒன்றை ஒன்று வளர்த்தது. அதன்பின் தேசிய விமான ஆய்வுக்கூடமும், விண்வெளித் துறையும், மின்னணுத் தொழில்களும் ஒவ்வொன்றாக வந்த கதையை யாவரும் அறிவர். 1898-இல் கர்சன் கேட்ட இரண்டாம் ஐயத்துக்கு விடை வர ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின.

அறிஞர் வருவது போலவே போவதும் உண்டு. 1939-இல் விடுமுறைக்கு இந்தியா வந்த ஹோமி பாபா, போர் மூண்டமையால் கேம்பிரிட்ஜ் திரும்ப இயலாது, பெங்களூர்க் கழகத்தில் அமர்ந்து விண்கதிர்களை ஆராய்ந்தார். டாட்டா அறநிதியின் உதவியால் 1945 ஜூன் மாதம் அவர் தொடங்கிய அடிப்படை ஆராய்ச்சி நிலையம் முதலில் பெங்களூர்க் கழகத்திலேயே இடம் பெற்றிருந்தது. பம்பாய் அரசாங்கமும் பொருள் தர இசையவே, அவ்வாண்டு முடியுமுன் அது பம்பாய்க்குப் பெயர்ந்தது. பம்பாயினின்றும் சென்ற பொருளின் வட்டி அறிவுருவாய் அவ்வூருக்கே திரும்பிற்று எனலாம். அக்காலத்தில் அங்கே ஆராய்ந்த விக்கிரம் சாராபாய் தம் ஊராகிய அகமதாபாத்துக்குச் சென்று 1947-இல் ஓர் ஆய்வுக்கூடம் கண்டார். மைசூர் நகருக்கும் ஒரு பங்கு கிடைத்தது. 1950-இல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் அங்கே செலுவாம்பா மாளிகையில் தொடங்கிற்று. மாளிகை தர அரசர் இருந்தமையால் ஆய்வுக்கூடம் வந்தது.

கோலார் தங்கவயலுக்கு வந்தது என்ன? அங்கும் அறிஞர் சென்றதுண்டு. பூமிக்கடியில் வெகு ஆழத்தில், மற்றைக் கதிர்கள் புகாத சுரங்கத்தில், பம்பாய் நிலையத்தார் வெளிநாட்டறிஞருடன் கூடிக் கருவிகள் வைத்து, 1965-இல் வளிமண்டலத்திற் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகளைக் கண்டறிந்தனர். உலகில் முதன்முதல் அதனைக் கண்ட இடங்களுள் அதுவும் ஒன்று. கருவிகளைக் காத்தோரும் இறக்கி ஏற்றியோரும் சுரங்கத் தொழிலாளரே. ஆயின் அவ்வாராய்ச்சிக்கென்று அவ்வூரில் நிலையான கழகம் ஒன்றும் எழவில்லை. அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் இருக்கை ஒன்றும் ஏற்படவில்லை. நூறாண்டுக்கு மேலாகப் பொன் அளித்த சுரங்கம் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் மூடப்பெற்றது. சுரங்கக் குப்பை மேடுகள் சயனைடு கலந்த மண்ணாய் இன்றும் குன்றுகள் போல் நிற்கின்றன. முன்னோர் தோண்டிய பொன்னின் ஒரு பகுதி எந்நகரில் கழகமாய் நிற்கின்றதோ, அந்நகருக்கே அவர்தம் பேரப்பிள்ளைகள் வேலை தேடிச் செல்கின்றனர். விடியுமுன் மாரிகுப்பத்தினின்றும் புறப்படும் இரயில்வண்டியில் இடம் பிடித்துப் பெங்களூர் சென்று, இரவில் மீளுகின்றனர்.